ஆறிப்போன கஞ்சி

ஆவூரில் யார் படுக்கையில் விழுந்தாலும் குளிப்பாட்டவும் சோறூட்டவும் அப்பத்தா போய்விடுவாள். கடைசியில் அவளே படுத்தபோது, வேலைக்கு லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டவள் நான். கஞ்சியைச் சுடச்சுடக் கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டாள். முதலில் சிலுவை போட வேண்டும். பிறகு, தான் பார்த்துக்கொண்ட அத்தனை பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். அதில் செத்தவர்களும் உண்டு. எப்போதோ கால் ஒடிந்து கிடந்த மேலத்தெருக்காரரும் உண்டு.

“அவரு சிங்கப்பூர்ல ஓடியாடி வேலை பாக்குறாரு அப்பத்தா! வாயத் தொற.”

“அங்கிட்டு அவனுக்கு யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டு, நான் குறுக்கே பேசியதற்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

மூன்று வேளையும் இதே கூத்து. மூன்று வேளையும் கத்தினேன். “ஆண்டவரே, எம் பேத்திக்குக் கொஞ்சம் பொறுமையக் குடும்” என்று என்னையும் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்குப் பேச்சு நின்றுபோனது. இனிமேலாவது சூடாகக் குடிப்பாள் என்று கரண்டியை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். எரிச்சலோடு கரண்டியை வைத்துவிட்டு, சிலுவை போட்டு, ஒருவர் விடாமல் நானே சொன்னேன். சிங்கப்பூர்க்காரரையும் சொன்னேன். கஞ்சி ஆறிப்போனது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பொறுமை கேட்ட பிறகுதான் திறந்தாள்.