மாமா கயாவில் எதை விட்டார்?

எண்பதுகளின் தொடக்கம், நல்ல கோடை. ஸ்ரீரங்கம் கோயிலை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும், திருச்சி கைலாசபுரத்தில் மாமா வீட்டில் தங்கினால் லாட்ஜ் செலவு மிச்சம். இதுதான் என் திட்டம். மாமா அங்கே தொழிற்சாலையில் ஃபோர்மேன். அத்தையோடு காசி, கயா எல்லாம் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நான் டிக்கெட் எடுத்த மறுநாள் தந்தி வந்தது: மாமா கவலைக்கிடம், உடனே வரவும்.

எழும்பூரிலிருந்து பகல் ரயில். திருச்சி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நடந்ததைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"காசிக்குப் போயிட்டு வந்தவரா? அப்ப சந்தேகமே இல்ல சார், அந்த ஊர்த் தண்ணிதான்."

"நீங்க காசிக்குப் போயிருக்கீங்களா?"

"நான் சமயபுரத்தையே தாண்டினதில்ல சார்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை மடியில் கங்கைச் சொம்போடு உட்கார்ந்திருந்தார். காசியிலிருந்து வந்த கையோடு காவிரியிலும் ஒரு முழுக்குப் போட மாமா அம்மா மண்டபத்துக்குப் போயிருக்கிறார். படித்துறையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். காய்ச்சல், வாந்தி, அதலபாதாளத்தில் ரத்த அழுத்தம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று தீவிர சிகிச்சை அறையில் சேர்த்து, பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுத்தம் மட்டும் ஏறவே இல்லை. இனி கடவுள் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம்.

பயத்தில் சிலர் அழுவார்கள். அத்தை சண்டை போடுவார். அன்று மாமா எதிரே இல்லாததால் நான் மாட்டிக்கொண்டேன்.

"கயாவுல கங்கைத் தண்ணியைக் கையில ஊத்தி, பிடிச்சது ஒண்ணை இனிமே தொட மாட்டேன்னு ஆளுக்கு ஆள் விடணும்னாங்க. நான் பாகற்காயை விட்டேன். உங்க மாமா எதை விட்டார்னு கேட்டா, அது எனக்கும் கங்கைக்கும் நடுவுலங்கிறார்."

அத்தைக்குப் பாகற்காய் பிறந்ததிலிருந்தே பிடிக்காது. அதை நான் சொல்லவில்லை.

"கத்திரிக்காயா இருக்கும் அத்தை."

"ரயில்லயே என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாரே."

"காப்பி?"

"ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குடிச்சார். எதையும் விடாம கங்கையையே ஏமாத்திட்டு வந்திருக்கார். அதான் இப்படிப் படுத்துக் கிடக்கிறார்."

அப்போது அறையிலிருந்து வெளியே வந்த டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம் மாறியது. "ஏம்மா, இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரான்னு வந்த அன்னிக்கே கேட்டேனே?"

"ஒண்ணும் சாப்பிடறதில்லைங்க. அதையும் அன்னிக்கே சொன்னேனே."

"இப்ப சாப்பிடல. முன்னாடி?"

அத்தை விழித்தார். மூச்சு இளைப்புக்கு வருஷக்கணக்காகச் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டாராம். கயாவுக்குப் பிறகு அதைத் தொடவில்லை. கங்கையில் குளித்து இளைப்பு போய்விட்டது என்று அத்தை சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா உள்ளே ஓடினார். எங்களையும் கூப்பிட்டு, கயாவில் எதை விட்டீர்கள் என்று மாமாவிடம் கேட்டார். மாமா கண்ணைத் திறக்காமலே முனகினார்: "எது இல்லாம உன்னால இருக்க முடியாதோ அதை விடுன்னு அங்க சொன்னாங்க. அந்த மாத்திரை இல்லாமத்தான் என்னால இருக்க முடியாது."

கணக்கு சரிதான். அதில் கத்திரிக்காய் தப்பித்துக்கொண்டதும் எங்களுக்குப் புரிந்தது.

அது ஸ்டீராய்டு மாத்திரையாம். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாக அதைச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், காய்ச்சல்கூட அடிக்கும். ரத்தத்தில் கிருமி கலந்தால் ஆள் எப்படி இருப்பாரோ, அச்சு அசலாக அப்படியே இருக்கும். இதை விளக்கிக்கொண்டே அந்த மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். கிருமி மருந்தையும் நிறுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை அழுத்தம் ஏறியிருந்தது. "நீ போய் ரங்கநாதருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாப்பா" என்று அத்தை என்னை அனுப்பினார். போகிறவர்களுக்கு: ஜங்ஷனிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். மத்தியானம் சன்னதி சாத்திவிடுவார்கள், வெயிலில் கல்தரை காலைப் பொசுக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பெருமாளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, கோபுரம் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. யாரையாவது ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தால், அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதோடு எதை நிறுத்தினார் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் திரும்பியபோது மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டரம்மா, உள்ளங்கையில் அந்த வெள்ளை மாத்திரை. மாமா வாயை இறுக மூடியிருந்தார்.

"ஊசின்னா போடுங்க. கங்கைக்குக் கொடுத்ததை நான் திரும்ப வாங்க மாட்டேன்."

"தினமும் இதைச் சாப்பிடலேன்னா மறுபடி இங்கதான் வருவீங்க. அப்ப என்னால காப்பாத்த முடியாமப் போகலாம்."

மாமா அசையவில்லை. சத்தியத்தை மீறினால் பாவம் என்று உண்மையாகவே நம்புகிறவர்.

அத்தை எழுந்து வந்தார். டாக்டரம்மா கையிலிருந்து மாத்திரையை வாங்கினார். இடுப்பில் இடுக்கியிருந்த சொம்பைத் திறந்து, கங்கைத் தண்ணீரை டம்ளரில் ஊற்றினார்.

"கங்கையே கொண்டுவந்து கொடுக்குது. வாயைத் திறங்க."