ஊர்க்காவலன் கேட்ட ஆறாம் பக்கம்

எம். புதுப்பட்டியில் ஊர்க்காவலன் என்ற ஒருவர், பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கியவர். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட வேண்டும் என்பதில் கறாரானவர். நேரம் தப்பினால், எவ்வளவு ஆர்டர் இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான் என்று கையைக் கழுவிவிடுவார். 2003 சித்திரையில் பக்கத்து செட்டில், அதாவது வேலைக் கொட்டகையில், யாரோ மருந்து டப்பாவைத் தரையோடு இழுத்தார்கள்; உரசி வெடித்தது. அந்த செட்டில் இருந்த மூன்று பேரும் போனார்கள். ஊர்க்காவலன் பிழைத்தார். இரண்டு கண்ணும் போயிற்று, விரல்கள் போயின, கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். வெந்து ஆறிய தோலில் வேர்வை வராது. வேர்வை வராத உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. இவரை வெக்கை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். எம். புதுப்பட்டியில் வெக்கை படாத இடம் எது என்று அவர் சொல்லவில்லை. காலனி வீட்டின் கான்கிரீட் கூரைக்குக் கீழே, நனைத்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஊர்க்காவலன் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அடுத்த கோடை வந்தபோது சாப்பாட்டை நிறுத்தினார். மனைவி சோலையம்மாள் சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

சோலையம்மாள் வீட்டிலிருந்தே வெடிக்குக் குழாய் உருட்டினாள். அதற்கான தாள் சிவகாசி அச்சகங்களில் வீணாவது. மை சரியாக விழும்வரை ஓடும் தாள்களை முகம்மது நூகு என்ற வியாபாரி வாங்கி, நாலாக வெட்டிக் கட்டுகட்டாக அனுப்புவார். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள் அவள். ஊர்க்காவலன் வாய் திறக்காமல் கிடப்பதைப் பொறுக்க முடியாமல், உருட்டும் முன் ஒவ்வொரு தாளையும் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடப் புத்தகம், எது வந்தாலும்.

வைகாசியில் வானியல் புத்தகம் ஒன்றின் தாள் வந்தது. அதன் ஐந்தாம் பக்கத்தைப் படித்து முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன். அதை 383 நாளில் சுற்றிவரும் ஒரு கோள். கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிறது. அது இருக்கும் தொலைவில் அனலும் மிகுதியில்லை, குளிரும் மிகுதியில்லை. நீர் நீராகவே நிற்கும். அந்தத் தொலைவுக்கு வாழத்தகு மண்டலம் என்று பெயர். அத்தோடு பக்கம் முடிந்தது.

"அங்கன வெக்கையே கிடையாதா?" என்றார் ஊர்க்காவலன். பல நாள் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அளவா இருக்குமாம்."

"செட்டுக்கு செட்டு இம்புட்டு தூரம்னு தள்ளிக் கட்டச் சொல்லுவாகள்ல, அதே கணக்குத்தான். தூரம் சரி. காலு ஊனி நிக்க முடியுமா? அடுத்த பக்கத்தப் படி."

அடுத்த பக்கம் இல்லை. தாளின் பின்புறம் வெள்ளையாக இருந்தது.

"நாளைக்குத் தேடிப் படிக்கேன், சாப்பிடுங்க" என்றாள். அன்று அவர் வாயைத் திறந்தார். நாலு நாள் சாப்பிட்டார். தினமும் ஆறாம் பக்கம் வந்ததா என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் அவள் கம்பெனி வேனில் சிவகாசிக்குப் போனாள். முகம்மது நூகு தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வெடிக்குப் போற தாளுக்குப் பின்பக்கம் எதுக்குத் தாயி? வெடிக்கும்போது நின்னு படிப்பாகளோ?"

"எங்க வீட்டுக்காரரு படிச்சுக் காட்டச் சொல்லுதாக, பாய். அவுகளுக்குக் கண்ணு போயிருச்சு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஒரு பெரிய தாளில் முன்னால் எட்டுப் பக்கம், பின்னால் எட்டுப் பக்கம் என்று விளக்கினார். ஐந்து முன்னால் விழும், ஆறும் ஏழும் பின்னால் விழும். இது பின்பக்கம் அச்சில் ஓடாத தாள். பிறகு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு குடோனுக்குள் போனார். மதியத் தொழுகைக்குப் போய் வந்து மறுபடி தேடினார். சாயங்காலம் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. அதில் ஆறாம் பக்கம் இருந்தது.

வேன் வரும்வரை நின்று படித்தாள். அந்தக் கோள் வியாழனைவிட ஐந்து மடங்குக்கு மேல் எடையுள்ள வாயுப் பந்து. அதில் தரை என்று ஒன்று கிடையாது. உள்ளே விழும் எதுவும் நசுங்கி, வெந்து அழியும்.

வீட்டுக்கு வந்து அவர் அருகில் உட்கார்ந்து தாளை விரித்தாள். "அங்கே கரிசல் மண் உண்டு. மழை பெய்யும். மனிதர்கள் நடக்கலாம்" என்றாள்.

ஊர்க்காவலன் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"ஏளா, எழுத்துக் கூட்டாமப் படிக்கியே, என்னைக்குலேருந்து?"

அவள் விரித்த தாளை மடிக்கப் போனாள்.

"உள்ளதப் படி."

படித்தாள். "த... தரை... என்... று..." ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வெந்து என்ற சொல்லைத் தாண்ட வெகுநேரம் ஆனது. பக்கத்தின் கடைசி வரி, அதற்கு நிலவுகள் இருக்குமானால், என்று பாதியில் நின்றது.

"ஏழாம் பக்கம் பாய்கிட்ட இருக்கும். நாளைக்கே போறேன்."

"வேணாம். இன்னொரு தடவ என்னால முடியாது."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. காலையில் அவள் போனாள். மீதித் தாளெல்லாம் ஆனைக்குட்டம் ஊருக்கு லோடாகப் போய், குழாயாக உருட்டியும் முடிந்திருக்கும் என்றார் நூகு. திரும்பும் வேனில் மற்றப் பெண்கள் பார்க்கப் பார்க்க அவள் வாய்க்குள் இல்லாத ஏழாம் பக்கம் ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, திக்கித் திக்கி.

வீட்டில் அவர் அருகே உட்கார்ந்து, வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்தாள். "நி... நிலவில்... தரை... உண்டு. நட... நடக்க... லாம்."

அவர் முழுவதும் கேட்டார்.

"அந்த நிலாவுல காத்து எப்படியிருக்குமாம்? உடம்புக்கு ஆகுமா?"

அதற்கு அவள் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் கூட்ட வரவில்லை.

ஊர்க்காவலன் காத்திருந்தார். பிறகு, "சரி, விடு" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனி பிறந்து ஒன்பதாம் நாள் இறந்தார். அதுவரை அவளிடம் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை.