செம்பூரில் ஜாஸ் சனிக்கிழமைகள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அந்த போஸ்டர் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் சனிக்கிழமை மாலைகளில் சொசைட்டி ஹாலில் ஜாஸ் கச்சேரி, அனுமதி இலவசம், எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள் என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். ஜாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வளைந்த பித்தளைக் குழலை வாயில் வைத்துக் கண்ணை மூடியிருந்த ஒருவரின் படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் வந்த செக்ரெட்டரி அம்மா, "ஆப் தோ அகேலி ஹோ, டைம் மில் ஜாயேகா" என்றார். தனியாகத்தானே இருக்கிறீர்கள், நேரம் கிடைக்கும் என்று அர்த்தம். ஹாலைத் திறந்து பூட்ட வேண்டும், நாற்காலி போட வேண்டும், வாசிப்பவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது இதே மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பக்கத்து வீட்டு குக்கர் விசிலைக் கேட்டு எங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிடுவோம், அவ்வளவு நெருக்கம். தம்பிகளுக்குக் கல்யாணமாகி, அப்பாவும் அம்மாவும் போன பிறகு, செம்பூரில் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். தாராவியில் தோல் பை செய்யும் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே தள்ளிப்போய்விட்டது. இங்கே கதவைச் சாத்தினால் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான் துணை.

முதல் கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு வந்தார்கள். குழல் வாசிக்கும் வயதானவர், ஆளுயர வயலின் மாதிரி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்ட ஒரு பெண், டிரம்ஸ் வாசிக்கும் ஒல்லியான இளைஞன். கேட்பதற்கு நான் ஒருத்திதான். ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள், பிறகு வாசிப்பில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். தொலைந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

அந்த இளைஞன் என்னிடம் வந்து ஹிந்தியில், பின்னால் சரியாகக் கேட்கிறதா என்றான். எனக்குள்ளேயே, "கொட்டுச் சத்தம் காதை அடைக்கி" என்று முணுமுணுத்தேன். அவன் சிரித்துவிட்டான்.

"தமிழா ஆன்ட்டி நீங்க? கொறச்சுக்கிடுதேன்."

மறுநாள் என் சின்னத் தம்பியை வரச் சொல்லியிருந்தேன். அவன் கல்யாண் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்தேன். ஹால் நிறைந்துவிட்டது. எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வாசிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் போன் வந்தது.

"யக்கா, இன்னைக்கு முடியாது போல. பிள்ளைக்கு டியூஷன் இருக்கு."

"சரிடே, பரவாயில்ல" என்றேன்.

பையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் இருந்த தூணுக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு, வாயில் வந்த தமிழிலேயே, "இங்க வந்து உக்காருங்க" என்று கையைக் காட்டினேன். தயங்கித் தயங்கி வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்தார். "அக்கா, அந்தக் கொட்டு அடிக்கிறது என் மவன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் மேடையை விட்டு நகரவில்லை.

"பை தைக்கிற பட்டறைய வுட்டுட்டு இதுக்குப் போயிட்டாண்டு அவன் வாப்பா பேசுறதே இல்ல. தனியா ரூம் எடுத்து இருக்கான். பக்கத்து வூட்டுப் புள்ள போன்ல இந்த போஸ்டரைக் காட்டுச்சு. ஆண்டாப் ஹில்லேர்ந்து பஸ் ஏறி வந்துட்டேன். நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம்."

அவன் வேகமாக வாசித்தபோது அவருடைய விரல்கள் மடியில் இறுகின. ஒருதரம், "என்ன இப்படி எளச்சுப் போயிட்டான்" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது அவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த இளைஞன் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டான். டீ கொடுத்துக்கொண்டே, "உங்க வீட்டு ஆளுங்க யாரும் வரலியா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்க இதுக்கெல்லாம் வரமாட்டாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு டிரம்ஸின் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தான்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவன் அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரிந்த விதமாக இருந்தது. யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

"போன வாரம் உங்க உம்மா வந்திருந்தாங்க. தெரிய வேணாம்னுதான் சொன்னாங்க."

அவன் கை நின்றது. "எங்க உக்காந்திருந்தாங்க?"

"எம் பக்கத்துல."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க எளச்சுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

அவன் சிரிக்கப் போய், முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீ அப்படியே ஆறிப்போனது.

அன்று அவர் வரவில்லை. கச்சேரி முடிந்ததும் அவன் யாரோடும் பேசாமல் வேகமாக வெளியே போனான். நான் வாசலில் எட்டிப் பார்த்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்தபடி, "உம்மா, நான்தான்" என்று அவன் சொல்வது கேட்டது. அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று உள்ளே வந்துவிட்டேன். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தேன். விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனேன். என் சின்னத் தம்பிக்கு போன் செய்தேன், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக் குழம்பு கொஞ்சம் இருந்தது. அதைச் சூடு பண்ணினேன்.