ஒண்ணா-ரெண்டாவின் அபிப்பிராயம்

"ரெண்டு பொருளை எதிர்ல வச்சா ஒண்ணு ஒசத்தியா இருக்கும், ஒண்ணு மட்டமா இருக்கும். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு இந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்ல. இனியும் சொல்லாது."

கண்ணாடிக்கடைக்காரர் இப்படிப் பிரகடனம் செய்தபோது அதைக் கேட்கும் பாக்கியம் பெற்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பாவம், எழுந்து ஓடவும் முடியாது. மூக்கின்மேல் கனத்த சோதனை ஃபிரேம், ஒரு கண்ணுக்கு மூடி, எதிரே எழுத்துப் பலகை. "இப்ப தெளிவா இருக்கா, இல்ல இப்பவா? ஒண்ணா, ரெண்டா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது, தம்பி" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

தொழில் நியாயப்படி, வந்தவர் அப்படிச் சொல்லும் இடத்தில்தான் பவர் சரியாக வந்து நிற்கிறது. கடைக்காரரும் அந்த இடத்தில்தான் சோதனையை நிறுத்திச் சீட்டு எழுதுவார். எழுதிக்கொண்டே, முதுகெலும்பில்லாத மனிதர்களால் நாடு எப்படிக் கெட்டது என்பதையும் விளக்குவார்.

தெருவில் அவருக்கு ஒண்ணா-ரெண்டா என்றே பெயர். கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். உலகத்தை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் அறிவிப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தொடுதிரையைவிடப் பொத்தான் மேல். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது சோம்பேறித்தனம். கண்ணாடி போட்டுப் படிப்பதே மனித லட்சணம். மெத்தை என்று வாயைத் திறந்தால் கைபேசி ஒட்டுக்கேட்டு மெத்தை விளம்பரம் காட்டுகிறது; அரசாங்கம் இதைத் தடுக்க வேண்டும். ஆனால் கைபேசிக்குள் எட்டிப்பார்க்க அரசாங்கம் யார்?

இணையத்தில் கண்ணாடி விற்கும் கூட்டத்தைப் பற்றி மட்டும் அவர் பேச ஆரம்பித்தால் தபால்காரர் மாதிரி பொறுமைசாலிகளே செருப்பைத் தேடுவார்கள். "மூக்கப் பாக்காம மூக்குக்கண்ணாடி விக்கிறான். நாளைக்குத் தலையப் பாக்காம முடி வெட்டுவான்" என்பார். அப்படி வாங்கியவர்கள் கோணலாக நிற்கும் ஃபிரேமை நிமிர்த்த அவரிடமேதான் வந்தார்கள். காசு வாங்காமல் நிமிர்த்திக் கொடுத்தார். கூலியை உபதேசமாக வசூலித்துக்கொண்டார்.

அவரைக் குழப்பியது என்று அதுவரை சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. இணையத்தில் அவர் கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "வேலை சுத்தம், பேச்சு அதிகம்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "பேச்சு அதிகம், வேலை சுத்தம்" என்று எழுதியிருந்தார். எது பாராட்டு, எது திட்டு என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு இணையமே மட்டம் என்று தீர்ப்பெழுதி மனதைத் தேற்றிக்கொண்டார்.

கடைக்கு மேலேதான் வீடு. மாடியில் அவர் மனைவி மெத்தைத் திண்டுகளுக்கு உறை தைத்து, ஒரு செயலி வழியாக விற்றுவந்தாள். மதியமானால் பார்சல் வண்டிக்காரர்கள் வந்து மணியடித்து மூட்டையை எடுத்துப் போவார்கள். இணையக் கண்ணாடிகள் வந்து கடை வியாபாரம் படுத்துப்போன நாளிலிருந்து, கடை வாடகையைக் கட்டுவது மாடித் தையல் இயந்திரம்தான். அந்தப் பேச்சு கடையில் எழுந்தால் கண்ணாடிக்காரர் உடனே லென்ஸ் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இப்படியிருக்கையில் நகர நிர்வாகத்துக்குத் திடீரென்று ஜனநாயகம் பொங்கியது. தெருவை மாற்றியமைக்க இரண்டு திட்டங்கள் உண்டென்றும், தெருவாசிகள் இணையத்தில் போய் வார இறுதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றும் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினார்கள். முதல் திட்டத்தில் வண்டியே கிடையாது. மரங்கள், பெஞ்சுகள், நடக்கிறவர்கள். இரண்டாவதில் வண்டிகள் ஒரு திசையில் போகலாம். நடைபாதை கொஞ்சம் அகலமாகும். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு ஓட்டு. கடையும் மாடியும் ஒரே கதவு எண்.

கண்ணாடிக்காரர் நோட்டீஸில் பசை காய்வதற்குள் முடிவு செய்துவிட்டார்: ஒன்று. நடக்கிறவன்தான் கடை ஜன்னலைப் பார்ப்பான்; ஜன்னலைப் பார்க்கிறவனுக்குத்தான் தன் கண் மங்கலென்று உறைக்கும். அன்றிலிருந்து சோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் பவரோடு கொள்கையும் சேர்த்து ஏற்றப்பட்டது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் இரண்டாவது கட்சி.

"காய்ச்சல்காரன் நடந்தா வருவான், அண்ணே?"

"நடந்தா காய்ச்சலே வராதுய்யா."

மருந்துக்கடைக்காரருக்கு இதற்கு மருந்து கிடைக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர் பேச்சைக் கேட்டு முதல் திட்டத்துக்கு ஓட்டும் போட்டுவிட்டார்கள். மூட்டையோடு கீழே வந்த மனைவி மட்டும் வாசலில் நின்று, "நல்லாப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இதுல பாக்க என்ன இருக்கு? நோட்டீஸ் படத்துலயே மரம் தெரியுது."

அவள் மூட்டையை வண்டியில் ஏற்றப் போனாள். நோட்டீஸ் ஒட்டிய அன்றே அவள் இரண்டு திட்டங்களையும் கைபேசியில் கடைசி வரிவரை படித்துவிட்டிருந்தாள்.

வாரத்தின் நடுவில் மருந்துக்கடைக்காரர் தன் கைபேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பொடி எழுத்தப் படிச்சுப் பாத்தீங்களா, அண்ணே?" என்று கேட்டு, அதை அங்கேயே விட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கண்ணாடிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் திரையை விரித்து எழுத்தைப் பெரிதாக்கினார். சோம்பேறித்தனம் நல்ல தெளிவாக இருந்தது. முதல் திட்டத்தில், பார்சல் வண்டிகளுக்கும் விலக்கு கிடையாது, அவையும் பகலில் தெருவுக்குள் வரக்கூடாது என்றிருந்தது. வாசலில் வந்து சரக்கெடுக்க முடியாத விற்பனையாளரை அந்தச் செயலி இரக்கமில்லாமல் தூக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் மாடி இயந்திரம் நிற்கும். அது நின்றால் கடைக்கு வாடகை ஏது? சரி, இரண்டு என்று திரும்பினார். அங்கே பார்சல் வண்டிகள் நிற்கவென்று படத்தில் ஒரு மஞ்சள் கட்டம். கட்டம் சரியாக அவர் கடை ஜன்னலுக்கு எதிரே விழுந்திருந்தது. இனி அவர் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும் வண்டிக்குள், மூக்கைப் பார்க்காமல் விற்ற மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். மனைவியின் மூட்டையும் அதே வண்டியில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு கோணல் ஃபிரேம் மாதிரி ஆகிவிட்டது. காலையில், முடிவெடுக்கத்தானே இவர்களைத் தேர்ந்தெடுத்தோம், எதற்கு நம்மைக் கேட்கிறார்கள் என்று கோபித்தார். மதியம், மக்களைக் கேட்காத ஆட்சி ஒரு ஆட்சியா என்றார். வாடகை இல்லாத ஜன்னல் மேலா, ஜன்னல் இல்லாத வாடகை மேலா என்று எழுத்துப் பலகையைப் பார்த்து முணுமுணுத்தார். பலகை வழக்கம்போல் மேலே பெரிதாகவும் கீழே பொடியாகவும் இருந்தது. புதுக் கண்ணாடி வாங்க வந்த தபால்காரர் விஷயம் தெரியாமல், "என்ன தம்பி, தெருவுக்கு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுவைத்தார்.

"ஒண்ணுலயும் விஷயம் இருக்கு."

"அப்ப ரெண்டுல?"

"அதுலயும் இருக்கு."

தபால்காரர் புதுக் கண்ணாடியை உடனே மாட்டிக்கொண்டு, பேசியது அவர்தானா என்று உற்றுப் பார்த்தார்.

கடைசி நாள் மாலை கடையைப் பாதி சாத்திவிட்டு மாடிக்குப் போனார். தைத்து அடுக்கிய உறைகளை நகர்த்தி இடம் பண்ணி உட்கார்ந்து கைபேசியைத் திறந்தார். நிர்வாகத்தின் தளம், முதலில் நீ மனிதன்தான் என்று நிரூபி என்றது. விளக்கு உள்ள படங்களையெல்லாம் தொடச் சொன்னது. விளக்கைத் தாங்கும் கம்பமும் விளக்கில் சேர்த்தியா என்ற தத்துவச் சிக்கலில் அவர் தவறிவிழ, மனிதனில்லை என்று தீர்ப்பாயிற்று. மறுபடி முயன்றார், மறுபடியும் இல்லை. மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து கைபேசியை வாங்கித் தொட்டாள். அவளை ஒரே தடவையில் மனிதப் பிறவி என்று ஒப்புக்கொண்டது.

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு சின்ன வட்டம்: 'வேறுபாடு தெரியவில்லை.'

"நீ என்ன சொல்ற?" என்றார் மெதுவாக.

"பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னு கடையில சொல்லுவீங்களே. கண்ணு உங்களுது."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரையை அவர் முகத்துக்கு நேராக, கைநீளத்தில் பிடித்தாள். முதல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள், பிறகு இரண்டாவதை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அவசரம் இல்ல. ஒண்ணா, ரெண்டா?"

"இன்னொரு தடவ முதல்லேருந்து காட்டு."

காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குக் கிடைத்த திண்டு உறையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மரங்கள் அங்கேயே இருந்தன. மஞ்சள் கட்டமும் அங்கேயே இருந்தது. இயந்திரத்தின் ஊசி, பாதி தைத்த உறையில் குத்திட்டு நின்றது. கீழே மருந்துக்கடைக்காரர் யாருக்கோ இருமல் மருந்தின் அளவைச் சொல்வது இங்கே கேட்டது. அப்படியானால் இங்கே பேசுவது அங்கேயும் கேட்கும்.

கண்ணாடிக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது" என்றார்.