மூலை வெட்டி அனுப்பிய அட்டை

அந்தக் கடன் அட்டை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வந்தது. திறந்ததும் குப்பென்று மலிவான சென்ட் வாசனை. உள்ளே வெல்வெட் துணி, அதன்மேல் சவப்பெட்டியில் கிடத்தியதுபோல அட்டை. கூடவே ஒரு வரவேற்புக் கடிதம். அதில் தலை நரைத்த ஒரு தம்பதி கடற்கரையில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் திருவொற்றியூர் வீட்டிலிருந்தும் கடல் நடக்கும் தூரம்தான். அலை வீட்டுக்குள் வராமல் இருக்கப் பாறாங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

துறைமுக நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பில் எந்தக் காகிதத்துக்கு மேல் எந்தக் காகிதம் வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே மேலதிகாரிகள் பலருடைய வெறுப்பைச் சம்பாதித்தவன். இவன் போய் ஏன் இந்த வலையில் விழுந்தான் என்று கேட்பீர்கள். வாழ்வுச் சான்று கொடுக்க வங்கிக்குப் போனதுதான் காரணம். நான் இன்னும் சாகவில்லை என்று ஆண்டுக்கொரு முறை கட்டைவிரலை வைத்து நிரூபிக்கும் சடங்கு அது. நான் உயிரோடிருப்பது உறுதியானதும், பக்கத்து மேசைப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

“சார், வீட்ல யாருக்காவது ஆபரேஷன் ஏதாவது வருதா?”

என் மனைவிக்கு இடது கண் சர்க்கரையால் முன்பே மங்கிவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை. சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“அப்போ கார்டு கண்டிப்பா வேணும் சார். ஆஸ்பத்திரியில தேய்ச்சுட்டு மெதுவா கட்டிக்கலாம். லைஃப்டைம் ஃப்ரீ. உங்க டெபாசிட் மேலயே குடுத்துடறோம்.”

“டெபாசிட் மேலன்னா என்னம்மா?”

“அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்.”

சும்மா என்ற சொல்லுக்கு எந்த விதிமுறைப் புத்தகத்திலும் பொருள் கிடையாது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்; மனைவியிடமும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பொருள், பெட்டிக்குள் இருந்த கையேட்டில் இருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்த எழுத்து. அட்டை உயிரோடு இருக்கும்வரை எங்கள் டெபாசிட்டை நாங்கள் தொட முடியாது. அதை அவர்கள் லியன் என்கிறார்கள். அடகு என்று சொன்னால் நமக்குப் புரிந்துவிடும் அல்லவா. அதே வாரம் ராயபுரத்துக் கண் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். கார்டு என்றால் மேலே ஒரு கட்டணம் போடுவோம், ரொக்கமாகக் கட்டுங்கள் என்றார்கள். ஆக, எதற்காக வாங்கினேனோ அதற்கும் அட்டை உதவாது.

வேண்டாம் என்று முடிவு செய்தேன். முறைப்படி செய்தேன். எங்கள் அலுவலகத்தில் துறைமுக நுழைவுச் சீட்டு ரத்தானால் அதன் மூலையை வெட்டி, கடிதத்தோடு சேர்த்துத்தான் திருப்பி அனுப்புவோம். வெட்டாத சீட்டு ரத்தான சீட்டு அல்ல. அட்டையின் மூலையையும் அப்படியே வெட்டினேன். வெட்டு உள்வரை போய், அட்டையில் பதித்திருந்த பொன்னிறச் சில்லும் இரண்டாகப் போனது.

மனைவி கத்தரிக்கோல் சத்தம் கேட்டு வந்தாள். காசிமேட்டில் பிறந்தவள். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

“இன்னாத்துக்கு அத்தப் போய் வெட்டிகினு கீற?”

“ரத்து பண்ணா வெட்டணும். அதான் முறை.”

“ரத்து ஆயிடிச்சா?”

“இனிமேதான் ஆகும்.”

“சாவறதுக்கு முன்னாடியே காரியம் பண்ணிட்டன்னு சொல்லு.”

பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தின் நகலில் அட்டையின் கடைசி நான்கு எண்களை மட்டுமே குறித்திருந்தேன். முழு எண்ணை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஒப்புகைச் சீட்டு, முத்திரை விழுந்து திரும்பி வந்தது. என் வரையில் கோப்பு முடிந்தது.

அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். புரை முற்றிவிட்டது, தள்ளிப்போட்டால் சிக்கலாகும் என்றார் டாக்டர். டெபாசிட்டை உடைக்க வங்கிக்குப் போனேன். அதே பெண்.

“லியன் இருக்கே சார். கார்டு க்ளோஸ் ஆனாதான் முடியும்.”

ஒப்புகைச் சீட்டை நீட்டினேன். வாங்கி, திருப்பி, பின்பக்கம் பார்த்தாள். அப்படி ஒரு பொருளை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை போலிருந்தது.

“அனுப்பினா க்ளோஸ் ஆகாது சார். ஃபோன்லதான் சொல்லணும்.”

ஃபோனில் ஓர் இயந்திரக் குரல் அட்டையின் எண்கள் அத்தனையையும் அழுத்தச் சொன்னது. என்னிடம் இருந்ததோ நான்கு. புல்லாங்குழல் இசையை வெகுநேரம் சகித்த பிறகு ஒரு மனிதன் கிடைத்தான்.

“சார், உங்க கார்டு ஆக்டிவேட்டே ஆகல. ஆக்டிவேட் ஆகாத கார்டை க்ளோஸ் பண்ண சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல.”

உயிர் கொடுக்காத அட்டையை வாடிக்கையாளரின் சம்மதம் கிடைக்காவிட்டால் வங்கியே செலவில்லாமல் மூட வேண்டும் என்ற விதியைச் சொன்னேன்.

“கரெக்ட் சார். ரூல் அதான். ஆப்ஷன் இல்ல.”

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒப்புக்கொண்டான். அந்த வழவழப்பான மரியாதைதான் குமட்டியது. அவன் சொன்ன வழி இது: வெட்டிய அட்டைக்குப் பதிலாகப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வந்ததும் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். பிறகு கொல்ல வேண்டும்.

முடியாது என்று ஃபோனை வைத்தேன். குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு எழுத உட்கார்ந்தேன். ஜெயிப்பேன், அதில் சந்தேகமே இல்லை. இணைப்புகளுக்கு எண் போடும்போது நெடுநாள் கழித்து மனசு குளிர்ந்தது.

அடுக்களையில் மனைவி சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவன் அப்படியே நின்றேன். சட்டித் தண்ணீர் செக்கச் சிவந்து கிடந்தது. சர்க்கரையால் மரத்துப்போன அவள் கட்டைவிரல் நீளமாகக் கிழிந்து ஒழுகிக்கொண்டிருக்க, அவள் அதே கையால் மீனைத் தடவித் தடவி முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“கைய வெட்டிகிட்டிருக்க.”

“அப்பிடியா. மீன் ரத்தம்னுல்ல நெனச்சுகினு கீறேன்.”

துணியைச் சுற்றினேன். மேசையில் கிடந்த மனுவின் பக்கம் அவள் முகத்தைத் திருப்பினாள். எழுத்து கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையாக ஏதோ கிடப்பது மட்டும் தெரியும்.

“நீ பொறுமையா கேஸ ஜெயிச்சுட்டு வா. நான் தடவிகினே குந்திகினு கீறேன்.”

மறுநாள் புது அட்டைக்கு விண்ணப்பித்தேன். மீண்டும் கறுப்புப் பெட்டி, மீண்டும் அந்தச் சென்ட். அதற்கு உயிர் கொடுக்க, ஃபோனில் ஒன்றாம் எண்ணை அழுத்தினேன். எல்லா நிபந்தனைகளுக்கும் சம்மதம் என்றேன். எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி என்றது இயந்திரம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மூடச் சொல்லி மறுபடி அழைத்தேன். இந்த முறை ஒரு பெண்.

“ஏன் சார் போறீங்க? லிமிட்ட ஏத்தித் தரட்டுமா?”

“வேண்டாம்.”

“ரீசன் ஒண்ணு சொல்லணும் சார்.”

“என் மனைவிக்குக் கண் தெரியணும்.”

விசைப்பலகை சத்தம் கேட்டது. “அது லிஸ்ட்ல இல்ல சார். மற்றவைன்னு போட்டுக்கறேன்.”

அட்டை செத்தது. லியன் விலகியது. டெபாசிட் இருவர் பெயரிலும் இருந்ததால் அவளையும் வங்கிக்குக் கைபிடித்து அழைத்துப் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். கட்டுப்போட்ட கட்டைவிரலோடு கோணலாகப் போட்டாள். பணத்தை எண்ணி முடிப்பதற்குள் மேசைப் பெண் அவள் பக்கம் சாய்ந்தாள்.

“அம்மா, உங்க பேர்ல ஒரு கார்டு போட்டுடலாமா? லேடீஸ்க்குன்னே பிங்க் கலர்ல வந்திருக்கு.”

எனக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. மனைவி குரல் வந்த திசையில் நிதானமாகத் திரும்பினாள்.

“இப்போ ஆபரேசனுக்குத்தான் போய்கினு கீறேன் கண்ணு. கட்டு அவுத்ததும் வர்றேன். நீ இன்னாத்த நீட்டுறன்னு அப்போ எனுக்கே தெரியும்.”

பணத்தை உள்சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். வெளியே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவள் முழங்கையைப் பிடித்து, அவற்றின் இடுக்கு வழியாக ஆட்டோவுக்குக் கூட்டிப்போனேன்.