சாலோமி மதினி கலக்கிய கடகம்

எங்கள் சாலோமி மதினிக்கு மழை என்றால் கால் தரையில் நிற்காது. கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் 1911 ஐப்பசியில் அவள் அடித்த கூத்து இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது.

விதைப்புக்கு முந்தின ஞாயிறு எங்கள் ஊரில் விதை ஜெபம். பருத்தி, கம்பு, துவரை, உளுந்து, தட்டைப்பயறு என்று ஒவ்வொரு வீட்டாரும் கொண்டுவரும் விதையைத் தனித்தனி நார்ப்பெட்டியில் வைத்து உபதேசியார் ஜெபிப்பார். அதில் பருத்தி விதை மட்டும் எங்கள் வேதக்கோயிலுக்குச் சொந்தமான நிலத்துக்கு, அதாவது கோயில் காட்டுக்கு. மற்றதை வீட்டாரே எடுத்துப்போவார்கள். கோயில் காட்டின் மகசூலில்தான் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனம் நடக்கும். அந்தக் காட்டைப் பயிரிட்டவர்கள் என் அண்ணன் அப்பாத்துரையும் மதினியும். அதைத் தவிர அவர்களுக்குக் கையகல நிலம் கிடையாது.

அந்த ஞாயிறு, எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் சடசடவென்று மழை. கோயிலின் ஓலைக்கூரை பொத்துக்கொண்டு பெட்டிகளின் மேலேயே ஊற்றியது. "ஏசுவே, மழை!" என்று கத்தியபடி எழுந்து ஓடினாள் மதினி. எல்லாப் பெட்டியையும் தன் பெரிய ஓலைக்கடகத்தில் கொட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

"ஏட்டி சாலோமி, இதென்ன கூட்டாஞ்சோறா? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டியே!" என்று எகிறினார் சபை மூப்பர் தேவசிகாமணி.

"விதை நனையுதுல்லா மூப்பரே, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியளா?"

ஜெபித்த விதையைத் தூரக் கொட்டக் கூடாது, வறுத்துத் தின்னவும் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நனைந்துவிட்டதால், பிரித்தெடுக்க உட்கார்ந்தால் அதற்குள் முளைகட்டிவிடும். கலந்ததைத் தன் காட்டில் போட யாரும் முன்வரவில்லை.

"நீயே கோயில் காட்டுல விதை. அசனத்துக்குப் பத்தலைன்னா காட்டை வேற ஆளுக்கு விட்டுருவேன், பாத்துக்கோ" என்றார் மூப்பர்.

மறுநாளே அண்ணன் திருநெல்வேலிக்குப் போய் ஒரு தகரப்பெட்டியோடு வந்தான். காடு போனால் அவன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான். எங்கள் ஊரிலிருந்து கண்டிக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. பெட்டியைக் கண்டதும் மதினி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே போய் விதைத்தாள்.

முளைத்தது பாருங்கள், அதைப் பயிர் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை! கம்புக்குப் பக்கத்தில் பருத்தி, அதன் காலடியில் உளுந்து, நடுவே துவரை, எல்லாவற்றின் மேலும் படர்ந்த தட்டைப்பயறு. போகிறவன் வருகிறவன் எல்லாம், "மதினி, இதுக்கு எந்த ஊர்ப் பேரு?" என்று கேலி பேசினான்.

கார்த்திகையோடு மழை நின்றது. தனிப்பருத்தி போட்ட காடுகளில் மண் வாய் பிளந்தது. புழு செடிவிட்டுச் செடி தாவி மேய்ந்தது. மதினியின் காட்டிலோ பயற்றுக்கொடி தரையை மூடியிருந்ததால் ஈரம் காயவில்லை. கம்பும் துவரையும் குறுக்கே நின்றதால் புழுவுக்கும் வழி அடைபட்டது. மார்கழியில் உளுந்தும் பயறும், தையில் கம்பு, மாசியில் துவரை, கடைசியில் பருத்தி. நல்ல வருஷத்துப் பருத்தியைவிட அது குறைவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் மற்றவர்களுக்கு அதுவும் இல்லையே!

சித்திரையில் அசனம். கம்பஞ்சோறு, துவரம்பருப்புக் குழம்பு, பயற்றுக்கூட்டு. பருத்தி விற்று எண்ணெயும் உப்பும் வந்தன. மூப்பர் இரண்டாம் தடவையும் இலையைக் காட்டினார். மதினி அகப்பையைத் தூக்கியபடியே நின்றாள்.

"காடு யாருக்கு மூப்பரே?"

"ஏட்டி, மொதல்ல குழம்பை ஊத்து!"

"சொல்லுங்க, ஊத்துதேன்."

பந்தியே கொல்லென்று சிரித்தது. மூப்பருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்குத்தாம்மா, உனக்குத்தான்! ஊத்து!"

மதினி இலை நிரம்பி வழிய ஊற்றினாள். சாகும்வரை அந்தக் காட்டில் அவள் ஒற்றைப் பயிர் போட்டதில்லை. பயறும் உளுந்தும் நின்ற இடத்தில் மண் புட்டுபோல் உதிரும். அடுத்த வருஷப் பருத்தி அங்கேதான் செழித்து நிற்கும்.

அசனத்தன்று சாயங்காலமே அண்ணன், கண்டிக்கென்று தகரப்பெட்டியில் அடுக்கியிருந்த துணிமணியை எடுத்துக் கொடியில் போட்டான். அடுத்த ஐப்பசி விதை ஜெபத்துக்கு அந்தத் தகரப்பெட்டி கோயிலுக்கு வந்தது. வானத்தில் மேகமே இல்லை. மூப்பர் தேவசிகாமணி எழுந்து வந்து, எல்லா நார்ப்பெட்டிகளையும் தன் கையாலேயே அதில் கொட்டினார்.