வசனம் எடுத்துக் கொடுத்தவர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில்.

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது என் தொழில். அன்று கையில் இருந்தது ஒரு கொலைப் படம். மேடை நாடகமாக வருடக்கணக்கில் ஓடி, பிறகு அதே நடிகர்களை வைத்து எடுத்தது. மாலைக்குள் முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று படத்தின் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அதில் ஒரு குரல் இருந்தது. நடிகர்கள் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால், அதே வசனத்தை யாரோ தணிந்த குரலில் சொன்னார்கள். நாடகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார்களே, அப்படி. அழித்தேன். ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடியும் இருந்தது. எரிச்சலில் தலைவலியே வந்துவிட்டது.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"சார், பின்னால ஒரு குரல் கேக்குது. என்ன பண்ணாலும் போக மாட்டேங்குது."

"சாக்கு சொல்லாதீங்க. அஞ்சு மணிக்கு ஆள் அனுப்புறேன்."

வைத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். கொலைக் காட்சி. கதாநாயகி கதவைத் திறக்கிறாள்...

"சனியனே, விட்டுத் தொலை."

அந்தக் குரல்தான். படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

எரிச்சலில் நான் சொல்ல வாயெடுத்த வார்த்தைகள் அவை.

படத்தை நிறுத்தினேன்.

"யாரது?"

முதலில் அது கேட்டது. பிறகு நான் கேட்டேன்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"ஐயோ..."

இப்போது காதருகில். நான் கத்துவதற்கு முன்னால்.

வந்த ஆளிடம் ஹார்ட் டிஸ்க்கை வாசலிலேயே கொடுத்துவிட்டேன். வேலை போனது. ஆத்திரம் தாங்காமல், கதாநாயகியாக நடித்த அம்மாவைத் தேடிப்போய், வசனம் எடுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன்.

"அவரா? படம் எடுக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரேப்பா. கடைசி நாடகத்தன்னிக்கு, திரைக்குப் பின்னால உட்கார்ந்தபடியே. இடைவேளைக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்புறம் மிச்ச நாடகம்?"

"அதான் இன்னிக்கு வரைக்கும் புரியல. கடைசிக் காட்சி வரைக்கும் எங்களுக்கு வசனம் வந்துச்சே."

அந்த வாரமே, என் வேலையை வாங்கிக்கொண்டவன் போனில் சிரித்தான்.

"என்னண்ணே, குரல் கிரல்னு பயமுறுத்தினீங்களாமே? நான் முழுசா கேட்டுட்டேன். அதுல எந்தக் குரலும் இல்லையே."

நான் சொல்ல நினைத்த பதிலை அது காதருகில் முந்திச் சொன்னது; போனை வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதே குறைவு.